சுருதியரும் கந்தையா அண்ணையின் மெசினும்

கடவுளையே காக்க வைத்த மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். செபத்தின் நடுவில் கையைக் காட்டி, "ஆண்டவரே, கொஞ்சம் பொறும், சுருதி சேரட்டும்" என்று சொல்லிவிட்டு, ஆர்மோனியத்தின் துருத்தியைத் தட்டிச் சரிபார்த்த பிறகுதான் மேற்கொண்டு செபிப்பார். ஆண்டவரும் பொறுத்துக்கொண்டதாகத்தான் தெரிகிறது. இல்லாவிட்டால் எங்கள் ஊர் நீர்வேலியில் எத்தனையோ இடி விழுந்திருக்க வேண்டும்.

தாய் தகப்பன் அவருக்கு வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊரில் யாரும் அதைத் தேடவில்லை. சுருதியர் என்றால் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். தொழில் பேக்கரிப் பாண் விற்பது. காலையில் நீர்வேலியிலிருந்து மானிப்பாய்வரை சைக்கிள் கரியரில் பாண்பெட்டி, பின்னேரம் அதே கரியரில் அதே கயிற்றால் கட்டிய ஆர்மோனியம். பாணில் ஆர்மோனிய வாசம் வந்ததோ தெரியாது, ஆர்மோனியத்தில் பாண் வாசம் வந்தது. துருத்திக்குள் போன பாண் துகளைத் தேடி எறும்பு குடியேறிவிடும். பாட்டு உச்சத்துக்குப் போகும் நேரம் பார்த்து வெளியே வந்து விரலில் கடிக்கும். அந்த இடத்தில் அவர் குரலில் விழும் சங்கதி வித்துவான்களுக்கும் வராது.

பாட்டுக்கள் எல்லாம் அவருடைய சொந்தப் பாட்டுக்கள். ஆனால் சுரம் எழுதத் தெரியாது. வழியில் மெட்டு ஒன்று வந்துவிட்டால், வீட்டுக்குப் போய் ஆர்மோனியத்தில் பிடிக்கும்வரை அதை வாயிலேயே வைத்துக் காப்பாற்ற வேண்டும். வேறு கதை கதைத்தால் மெட்டு ஓடிவிடும். அதற்காகப் பாண் விற்காமல் இருக்கவும் முடியாது. ஆகவே அன்றைய வியாபாரம் முழுவதும் அந்த மெட்டிலேயே நடக்கும். மற்ற நாட்களில் கட்டி முடிந்த பாட்டுக்களைப் பாடிக்கொண்டு வருவார். "ஒரு றாத்தலோ, ரெண்டு றாத்தலோ, பணிஸ் முடிஞ்சு போச்சுதே தங்கச்சி" என்று எங்கள் வேலிப் படலையில் நின்று உருகுவார். ஒருநாள் என் மனைவியும் பொறுக்கமாட்டாமல் "நேற்றையான் பாண் கல்லுப் போலை இருந்ததே" என்று அதே மெட்டில் பாடிவிட்டாள். சுருதியர் சைக்கிளை நிறுத்தினார். அவள் 'கல்லு' என்ற இடத்தில் ஒரு சுரம் மேலே போயிருக்க வேண்டும் என்று பாடிக் காட்டித் திருத்திவிட்டுப் போனார். பாணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் அப்போது கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். மாவும் சீனியும் தட்டுப்பாடாக இருந்த காலம், பாணுக்குச் சனம் வரிசையில் நின்ற காலம். என்னைக் கண்டால் ஊரே பல்லைக் காட்டும். சுருதியர் மட்டும், "மனேச்சர், உங்கடை குரல் எந்தக் கட்டையிலும் நிக்குதில்லை, கொஞ்சம் கவனியுங்கோ" என்பார்.

முதலில் அவர் மானிப்பாய்ப் பக்கம் ஒரு தேவாலயத்தில் பாடகர் குழுவில் இருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்ததும் எழுந்து, யாரையும் கேட்காமல் தன் புதுப் பாட்டைப் பாடிவிட்டார். "வாடி நின்றேன் ஐயா, வாய்க்காலாய் வந்தீரே" என்று தொடங்கும் பாட்டு. சபைக் கமிட்டி கூடியது. கமிட்டித் தலைவர் இளைப்பாறிய தலைமையாசிரியர். அவர் இன்னும் இளைப்பாறவில்லை என்பது அவருடைய குரலில் தெரியும்.

"இது ஆர் இயற்றின பாட்டு?"

"ஆண்டவர் தந்தவர். நான் பாடினனான்."

"அவர் தந்திருந்தால் பாட்டுப் புத்தகத்திலை இருந்திருக்குமே."

சுருதியர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டித் தேடத் தொடங்கினார். தலைவர் கொஞ்சம் இரங்கினார். "சரி, அதை விடும். ஆராதனையிலை வாய்க்கால் எண்டு பாடுறதே? ஜீவநதி எண்டு மாத்தும், யோசிப்பம்."

"ஐயா, நான் பிறந்து வளந்தது யாழ்ப்பாணம். நதி எண்டு ஒண்டை இந்தக் கண்ணாலை கண்டதில்லை. காணாததைக் கண்டதெண்டு ஆண்டவருக்கு முன்னாலை பாடினால் பொய்யெல்லே?"

அத்தோடு குழுவில் அவருடைய இடம் காலியானது. சுருதியர் சண்டை போடவில்லை, வேறு சபை தேடவும் இல்லை. நீர்வேலியில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த தன் துண்டுக் காணியில் ஒரு கிடுகுக் கொட்டில் போட்டு, வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் ஆராதனை தொடங்கினார். சில கிறிஸ்தவக் குடும்பங்கள் வந்தன. மெட்டுக்காகச் சைவக்காரரும் வந்தார்கள். என் மனைவி போனாள். அவளைக் கூட்டிவரப் போன என் கையில் ஒரு கஞ்சிராவைத் திணித்துவிட்டார்கள். நெற்றியில் விபூதியோடு நான் தாளம் போட, யாராவது பிசகினால் சுருதியர் பாட்டை நிறுத்திவிடுவார். "ஆண்டவர் பொறுப்பார். நான் பொறுக்கமாட்டன். திரும்பத் தொடங்குங்கோ" என்பார். ஒரு பாட்டு முடியப் பொழுதுபட்டுவிடும்.

கொட்டிலுக்குப் பக்கத்தில்தான் கந்தையா அண்ணையின் வாழைத் தோட்டம். அங்கே ஒரு பங்குக் கிணறு. பங்குக்காரர் முறை வைத்து இறைப்பார்கள். வெள்ளி பின்னேரமும் சனி காலையும் கந்தையா அண்ணையின் முறை. அவரிடம் மண்ணெண்ணெயில் ஓடும் மெசின் ஒன்று இருந்தது. அது ஓடத் தொடங்கினால் தண்ணீரோடு காதையும் சேர்த்து இறைக்கும். ஒவ்வொரு வெள்ளியும் ஆராதனையும் மெசினும் ஒன்றாகத்தான் தொடங்கும்.

சுருதியருக்கு அந்த மெசினைக் கண்ணில் காட்டக்கூடாது. ஒருநாள் கொட்டிலில் பகிரங்கமாகவே, "ஆண்டவரே, கந்தையா அண்ணையின்ரை மெசினையும் ஒருக்கா நினைச்சருளும்" என்று செபித்தார். அடுத்த வெள்ளி மெசின் கிளம்பவில்லை. கந்தையா அண்ணை மண்வெட்டியோடு கொட்டில் வாசலில் வந்து நின்றார்.

"நீர் செபிச்சு நிப்பாட்டினனீர். நீரே செபிச்சு ஓட்டிவிடும். என்ரை வாழை காயுது."

சுருதியர் எழுந்து போய் மெசினின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடிச் செபித்தார். அதே நேரம் கந்தையா அண்ணை குனிந்து எண்ணெய்க் குழாயைக் கழற்றி ஊதி மாட்டினார். மெசின் சீறிக்கொண்டு கிளம்பியது. எது வேலை செய்தது என்பதில் இருவருக்கும் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. ஆனால் அன்று முதல் கந்தையா அண்ணை மெசினைப் போட்டுவிட்டுக் கொட்டில் வாசலில் வந்து குந்தியிருக்கத் தொடங்கினார்.

இப்படியே சில வருடங்கள் போயின. பாட்டுக்கள் பெருகின. கூடவே சுருதியருக்கு ஒரு பயமும் வந்தது. என்னிடம் ஒருநாள் பாணைத் தந்துவிட்டுச் சொன்னார். "மனேச்சர், இவ்வளவு பாட்டும் என்ரை வாயிலை மட்டும்தான் கிடக்கு. நான் கண்ணை மூடினால் எல்லாம் என்னோடை போயிடும்." அவர் பாடாமல் கதைத்த ஒருசில நாட்களில் அது ஒன்று. எனக்கு மனசு ஒருமாதிரிப் போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் மானிப்பாய்த் தேவாலயத்துக்கு இளம் போதகர் ஒருவர் மாறி வந்தார். சுருதியரின் கதையைக் கேள்விப்பட்டு, "பாட்டுகளை ரேப்பிலை பதிஞ்சு கொண்டுவாங்கோ. கமிட்டிக்குப் போட்டுக் காட்டுவம். பிடிச்சால் ஒரு பாட்டைப் பாலன் பிறப்புக்கு, நத்தார் ஆராதனையிலை பாடலாம்" என்றார். சுருதியரின் மச்சான் ஒருவர் லண்டனிலிருந்து லீவில் வந்திருந்தார். அவரிடம் ஒரு ரேப் ரெக்கோடர் இருந்தது. சனிக்கிழமை பின்னேர ரயிலில் அவர் கொழும்புக்குப் போகிறார். அன்று மத்தியானம்வரை ரெக்கோடரைத் தருவார், ஒரு கசெற்றும் தருவார். அதற்குமேல் கேட்க முடியாது. கரண்ட் இருந்த வீடு எங்களுடையது. எங்கள் வீட்டுக்கும் கந்தையா அண்ணையின் கிணற்றுக்கும் நடுவில் ஒரு வேலிதான்.

தூது போனவன் நான். கந்தையா அண்ணை வாழைக்குத் தண்ணி கட்டிக்கொண்டே கேட்டார்.

"முறையை விடச் சொல்லுறியள். குலை தள்ளுற நேரம், தெரியுமே?"

"தெரியும் அண்ணை."

"அடுத்த முறைக்குள்ளை காஞ்சு போனால் ஆண்டவர் வந்து இறைப்பாரே?"

நான் திரும்பப் புறப்பட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது. "உந்த வாய்க்கால் பாட்டும் பதியிறாரே?"

"ஓம். அதுதான் முதல் பாட்டு."

"அது தோட்டக்காரன்ரை பாட்டு. சரி, சனி காலமை நான் மெசின் போடேல்லை எண்டு சொல்லுங்கோ."

சனிக்கிழமை எங்கள் வீட்டில் இழவு வீட்டு அமைதி. என் மனைவி சேவலைக் கூடையால் மூடினாள், கன்றைத் தாயோடு விட்டாள். கந்தையா அண்ணை விறாந்தையில் வந்து, கேட்கும் என்று பயந்து வெற்றிலையைக்கூட மெல்லாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு இருந்தார். சுருதியர் கண்ணை மூடிச் செபித்தார். சுருதி சேர்த்தார். நான் பொத்தானை அமத்தினேன்.

பாட்டு இரண்டாவது வரியிலேயே வழுக்கியது. குரல் ஒரு பக்கம், ஆர்மோனியம் ஒரு பக்கம். நிறுத்தினார். திரும்பத் தொடங்கினார். திரும்பவும் வழுக்கியது. ஊரையே சுருதிக்காக உருட்டிய மனிதர் வியர்த்து வழிய, ஆர்மோனியத்தைத் திறந்து எறும்பைத் தேடினார். எறும்பில் குற்றம் இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் ஆர்மோனியத்தை மூடினார்.

"ஆண்டவர் என்ரை சுருதியை எடுத்துப்போட்டார், மனேச்சர். பெருமை அடிச்சனான் எல்லே. ரேப் ரெக்கோடரைக் குடுத்துவிடுவம்."

கந்தையா அண்ணை எழுந்து போனார். முறையில் மிஞ்சிய நேரத்துக்காவது இறைப்போம் என்று நினைத்தாராக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் மெசின் கிளம்பியது.

சுருதியர் ஆர்மோனியத்தைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். கட்டும்போது தன்னையறியாமல் முணுமுணுத்தார். "வாடி நின்றேன் ஐயா..." அச்சுப் பிசகாமல் வந்தது. எனக்குப் புரியமுன் என் மனைவிக்குப் புரிந்துவிட்டது. அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"அண்ணை, பெட்டியைத் திறவாதேங்கோ. மெசினோடை பாடுங்கோ. உங்கடை சுருதி அதுதான்."

சுருதியர் அவளைப் பார்த்தார். பிறகு வேலியைப் பார்த்தார். வருடக்கணக்காக அவர் பாடியதெல்லாம் அந்தக் கொட்டிலில், ஆர்மோனியத்தையும் அமுக்கிவிடும் அந்த மெசினின் இரைச்சலில். அது ஓடிய சுருதி ஆர்மோனியத்தின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கேயோ கிடந்தது. திட்டித் திட்டியே அவருடைய தொண்டை அதோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. நான் பொத்தானை அமத்தினேன். கசெற் முடியும்வரை அவர் நிறுத்தாமல் பாடினார். நான் கதவுப் பலகையில் தாளம் போட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் கந்தையா அண்ணை, நடப்பது ஒன்றும் தெரியாமல் நிம்மதியாக வாழைக்குத் தண்ணி கட்டிக்கொண்டிருந்தார்.

கமிட்டி அந்தக் கசெற்றைக் கேட்டது. நானும் போயிருந்தேன். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"பாட்டு நல்லாயிருக்கு. பின்னாலை சுருதி பிடிக்கிற வாத்தியம் என்ன? தம்புரா மாதிரியும் இல்லை."

"அது கந்தையா அண்ணை" என்றார் சுருதியர்.

"நல்ல சங்கீத ஞானஸ்தன். நத்தாருக்கு அவரையும் கூட்டிக்கொண்டு வாரும்."

வாய்க்காலை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

நத்தார் ஆராதனைக்குக் கந்தையா அண்ணை வேட்டி சால்வையோடு, விபூதியும் சந்தனமுமாக வந்து கடைசி வரிசை மர வாங்கில் என் பக்கத்தில் இருந்தார். தலைவர் அவருடைய கையில் என்ன வாத்தியம் என்று எட்டி எட்டிப் பார்த்தார். சுருதியர் முன்னால் போய் நின்றார். ஓகன் பெட்டி வாசித்தவர், சுருதியர் முணுமுணுத்த சுருதிக்குக் கட்டையைத் தேடிக் களைத்துக் கையை எடுத்துவிட்டார். சுருதியர் தனியாகத் தொடங்கினார். முதல் வரி நடுங்கியது. இரண்டாவது வரியில் நின்றேவிட்டது. அவர் எங்களைப் பார்த்தார்.

அப்போது நடு வாங்கில் ஒரு மனுசி பாட்டை விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். சுருதியரிடம் பாண் வாங்கும் மனுசி. அவளோடு இன்னொருத்தி, பிறகு ஒரு வாங்கு, பிறகு மற்ற வாங்குகள். சுருதியர் படலை படலையாக நின்று பாடியதெல்லாம் வீடுகளுக்குள் போய் எப்போதோ குடியிருந்துவிட்டது. அனுமதிக்கலாமா என்று கமிட்டி யோசித்துக்கொண்டிருந்த பாட்டை மானிப்பாயில் பாதிப் பேர் அடுப்படியில் பாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஆளுக்கொரு சுருதியில்தான் பாடினார்கள். சுருதியர் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணீர் வழிய, ஒருவரையும் நிறுத்தாமல் கேட்டுக்கொண்டு நின்றார். அவருடைய வாயில் மட்டும் கிடந்த பாட்டு இனி அவரோடு போகாது.

நான் சைவன். இன்றைக்கும் சைவன்தான். ஆனால் அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் எழுந்து நின்றுவிடுகிறேன். ஆண்டவருக்காக நிற்கிறேன் என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நான் சுருதியருக்காகத்தான் நிற்கிறேன். ஆண்டவர் கோபிக்கமாட்டார்.