அடுப்பை அணைத்தேனா என்று யோசித்த முகம்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது.

நலம் விசாரிப்பதற்கு முன்னால் அநியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியிருப்பில் வேலை செய்கிற ஆலய உதவிச் சங்கம், என்னைக் கேட்காமல் என்னைப் படம் பிடித்து, அதன் கீழே 'இவருக்கு யாரும் இல்லை' என்று அச்சடித்து, ஊர் ஊராக ஆலய வாசல்களில் ஒட்டியிருக்கிறது. உங்கள் ஊரில் நீ பார்த்தது அந்தப் படம்தான். பார்த்துவிட்டுத்தான் கம்பளி அனுப்பியிருக்கிறாய். மாதக் கடைசியில் வந்து என்னைக் கையோடு கூட்டிப்போவதாகவும், வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க நான் தயாராக இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். நான் தயாராக இல்லை. இது என் வீடு. நான் வாடகை கட்டி, நான் வெள்ளையடித்து, நான் ஒழுகலை அடைத்த வீடு. உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. எனக்கு யாரும் இல்லை என்றால் நீ யார் என்று உங்கள் தெருவில் நாலு பேர் கேட்டிருப்பார்கள். ஆனால் கோபம் வந்தால் அச்சடித்தவர்களிடம் காட்ட வேண்டும், என் வீட்டுக் கட்டிலைக் கழற்றக் கூடாது. மற்றபடி இங்கே நான் நலம். மூட்டு, கண், பல், புத்தி எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிற நலம். உன் நலமும், உன் மனைவியின் நலமும், கல்லூரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எங்கேயோ போகிற என் மருமகனின் நலமும் அறிய ஆவல்.

இப்போது அந்த முகத்துக்கு வருகிறேன். அந்தச் சங்கம் கெட்ட சங்கம் இல்லை, கஷ்டமே அதுதான். கெட்டவர்களாக இருந்திருந்தால் ஒரே நாளில் சண்டை போட்டு முடித்திருப்பேன். எங்கள் பிளாக்கின் கீழே முன்பு சைக்கிள் நிறுத்திய கொட்டகையைச் சுத்தம் செய்து ஹாலாக்கி, மத்தியானம் சூடாக சூப்பும் ரொட்டியும் கொடுக்கிறார்கள், அரசாங்கத் தாள்களை எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள், குளிர் வந்தால் பழைய கோட்டுகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அந்தக் கோட்டுகளில்தான் நான் வருகிறேன். ஜிப் நன்றாக இருக்கிற கோட்டை எவராவது தானம் கொடுப்பார்களா? வருவதெல்லாம் ஜிப் பல்லிளித்தது, லைனிங் தொங்குவது, காஜா பிரிந்து பட்டன் நிற்காதது. அவற்றை மூட்டை கட்டி நாலாவது மாடிக்குக் கொண்டுவந்து, என் மெஷினில் போட்டு, மனிதர் போடும்படி ஆக்கித் திருப்பிக் கொடுப்பது நான். தையல் கூடத்தில் அத்தனை வருஷம் வேலை பார்த்த கை சும்மா இருக்குமா? போன குளிருக்கு இந்தக் குடியிருப்பில் என் ஊசி படாத கோட்டு ஒன்றுகூட நடமாடவில்லை. ஆக, அந்தச் சங்கத்தில் நான் வாங்குகிற பக்கம் இல்லை தம்பி, கொடுக்கிற பக்கம்.

அன்றைக்கும் கோட்டு மூட்டையோடுதான் ஏறிக்கொண்டிருந்தேன். எங்கள் லிஃப்டைப் பற்றி உனக்குத் தெரியும். பொத்தானை அமுக்கினால் விளக்கு எரியும், லிஃப்ட் வராது. நம்பிக்கை கொடுப்பதற்கென்றே அந்த விளக்கை விட்டு வைத்திருக்கிறார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூட்டையை இறக்கிவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும், வீட்டில் அடுப்பை அணைத்தேனா இல்லையா என்று ஒரு சந்தேகம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கன்னத்தில் கையை வைத்து யோசித்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் படக்காரர் கீழேயிருந்து வந்திருக்கிறார். சங்கத்துக்குப் புதிதாகச் சேர்ந்த மனிதர். அதுவரைக்கும் பறவைகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தவர். பறவைகளிடம் அனுமதி கேட்டுப் பழக்கமில்லை, என்னிடமும் கேட்கவில்லை. அடுப்பை நினைக்கிற முகம் அச்சில் போனதும் ஆதரவற்ற முகமாகிவிட்டது. உடனே நீ, 'அக்காவுக்கு மறதி வந்துவிட்டது, அதனால்தான் சொல்கிறேன்' என்று ஆரம்பிக்காதே. போய்ப் பார்த்தேன், அணைத்துத்தான் இருந்தது.

அதற்கப்புறம் நான் பட்ட பாடு இருக்கிறதே, ரொட்டிக் கடைக்குப் போனால் கடைக்காரம்மா பைக்குள் இன்னொரு ரொட்டியைத் திணிக்கிறாள், வேண்டாம் என்றால் கண் கலங்குகிறாள், பஸ்ஸில் ஏறினால் மூன்று பேர் எழுந்து நிற்கிறார்கள், மூன்று இடத்தில் ஒருத்தி எப்படி உட்காருவது, ஒரு முன்பின் தெரியாத ஆள் என் தலையில் கையை வைத்து ஜெபம் பண்ணிவிட்டு நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தையே தாண்ட வைத்துவிட்டார், வீட்டுக்கு வந்தால் வாசலில் கம்பளி, மறுநாளும் கம்பளி, உன் கம்பளி வந்தபோது கதவைத் திறக்கவே இடமில்லை. எதிர்வீட்டு டாக்ஸிக்காரர் தினமும் ஒரு பேச்சு.

"என்னக்கா, ஊரெல்லாம் உங்க படம்தான். எலெக்ஷன்ல நிக்கறீங்களா?"

"நின்னா உனக்கு ஓட்டு கிடையாது, போ."

"ஓட்டு போடறதே நாங்கதானேக்கா!"

இந்தக் கூத்துக்கு நடுவில் எங்கோ ஒரு ஆலயத்திலிருந்து ஒரு சீமாட்டி வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, மனசுல இருக்கறதைச் சொல்லுங்க, நான் கேக்கறேன்" என்றாள். "மனசுல என்ன இருக்கு? பாபின்ல நூல் தீந்துபோச்சு, அதான் இருக்கு" என்றேன். அவள் அதற்கும் அழுதாள். தேநீர் போட்டுக் கொடுத்து, அழுகிற நேரத்தில் இதையாவது செய் என்று ஒரு கிழிந்த லைனிங்கைக் கையில் கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன். நன்றாகப் பிரித்தாள். இப்போது வாராவாரம் வருகிறாள், அழுவதில்லை.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஹாலுக்குப் போய்ச் சங்கத்துச் செயலாளரம்மாவின் மேசைக்கு முன்னால் நின்றேன். அந்தம்மா நல்ல மாதிரி, ஆனால் எங்கள் குடியிருப்புக்காரர் யாரோடு பேசினாலும் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிடும். சாய்த்துக்கொண்டே சொன்னார்:

"அச்சாயிடுச்சேம்மா, இனிமே என்ன பண்றது? அதுவுமில்லாம உங்க படத்துக்குத்தான் நல்ல வரவேற்பு. போன வருஷம் ஒரு குழந்தை படம் போட்டோம், இவ்வளவு வரலை."

"அப்ப நான் குழந்தையைத் தோக்கடிச்சிட்டேன்."

"நல்ல விதமா எடுத்துக்குங்கம்மா. உங்க முகம் மனசைத் தொடுது."

"தொடணும்னா உங்க முகத்தைப் போடுங்க. கழுத்து ஏற்கெனவே சாஞ்சுதான் இருக்கு."

சத்தம் கேட்டுச் சங்கத்தை நடத்துகிற பாதிரியார் உள்ளேயிருந்து வந்தார். அவர் சமாதானமாகத்தான் பேசினார். ஹாலுக்கு வந்திருக்கிற ஹீட்டர் இந்தப் படத்தால் வந்தது என்றார். பிறகுதான் வாயை விட்டார். "யோசிச்சுப் பாத்தா இதுல பொய்யின்னு என்னம்மா இருக்கு? நீங்க தனியாத்தானே இருக்கீங்க?"

"தனியா இருக்கேன் ஃபாதர், யாரும் இல்லாம இல்லை. நீங்களும்தான் தனியா இருக்கீங்க. நாங்க உங்க படத்தை ஒட்டினோமா?"

பாதிரியார் ஹீட்டர் பக்கம் திரும்பி அது சரியாக எரிகிறதா என்று பார்த்தார்.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து மெஷினுக்கு உறையைப் போட்டு மூடினேன். படம் இறங்குகிறவரை சங்கத்துக்கு ஒரு பட்டன்கூட இல்லை என்று சொல்லி அனுப்பினேன். உனக்குத் தெரியும், நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. தையல் கூடத்துச் சுவரில் இருந்த விதிமுறைப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் படிக்கக் கற்றுக்கொண்டேன். அதனால் ஒன்றைச் சொல்லிவிட்டேன் என்றால் அது பலகையில் எழுதின மாதிரி. ஹாலில் கோட்டுகள் கூரைக்கு ஏறின. ஆனால் குளிருக்கு என் வேலைநிறுத்தம் தெரியுமா? இரண்டாவது மாடியில் மனைவி இல்லாமல் பெண்ணை வளர்க்கிற பெயின்டர், பிள்ளையின் கோட்டை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். "இது சங்கத்துக்கு இல்லை, உனக்கு" என்று சொல்லித் தைத்துக் கொடுத்தேன். அடுத்தது டாக்ஸிக்காரர், அடுத்தது கீழ்வீட்டு நர்ஸ். ஆளுக்கு ஆள் 'உனக்கு, உனக்கு' என்று சொல்லிச் சொல்லி, வேலைநிறுத்தத்தில் எனக்கு வேலை இரண்டு மடங்கானது. இருந்தாலும் சங்கத்துக்குத் தைக்கவில்லை. அதில் நான் இம்மியும் இறங்கவில்லை.

பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. தலைமை ஆலயத்திலிருந்து ஒரு பெரியவரும், உதவி செய்கிறவர்களும் குடியிருப்பைப் பார்க்க வந்தார்கள். ஹால் சுவரில் என் முகத்தைக் கதவு உயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். எங்கள் ஆட்களோடு நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பெரியவர் எழுந்து நல்ல குரலில் பேசினார். "இந்தத் தாயின் கண்களைப் பாருங்கள்" என்று சொல்லிப் படத்தை நோக்கிக் கையை வேகமாகத் தூக்கினார். டர்ரென்று ஒரு சத்தம். ஹாலில் மற்றவர்களுக்கு அது என்னவென்று தெரியவில்லை. எனக்கு எப்படித் தெரியாமல் போகும்? அக்குளில் தையல் விட்டுப்போன சத்தம். எழுந்து நேரே போனேன்.

"கோட்டைக் கழட்டுங்க."

"பரவாயில்லைம்மா, அப்புறம் பாத்துக்கலாம்."

"கிழிஞ்ச கோட்டோட ஒருத்தரை இந்தக் குடியிருப்பிலிருந்து நான் அனுப்பினதில்லை. கழட்டுங்க, உக்காருங்க."

உட்கார்ந்தார். காலியாக இருந்த ஒரே நாற்காலி என் படத்துக்குக் கீழேதான் இருந்தது. பையில் எப்போதும் வைத்திருக்கிற ஊசியில் நூலைக் கோத்து நான் நின்றபடியே தைத்தேன். பெரியவர் சட்டையோடு, குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு, கன்னத்தில் கை வைத்து எங்கேயோ பார்த்தபடி இருந்தார். ஹால் முழுக்க மேலே ஒரு தடவை பார்க்கிறது, கீழே ஒரு தடவை பார்க்கிறது. மேலேயும் கீழேயும் ஒரே முகம்! டாக்ஸிக்காரர்தான் முதலில் சிரித்தார். பெரியவர் திரும்பிப் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அம்மா... இது நீங்களா?"

"நான்தான்."

"அப்படி என்னம்மா கவலை?"

"அடுப்பை அணைச்சேனா இல்லையான்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன். நீங்க இப்ப என்ன யோசிக்கிறீங்க?"

அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "வெளியில வண்டியைப் பூட்டினேனான்னு."

தம்பி, அந்தச் சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். பெரியவரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். படக்காரர் கேமராவோடு ஓடிவந்து, வாழ்நாளில் முதல் தடவையாக "எடுக்கலாமா?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை, பெரியவரைக் கேட்டார். பெரியவர் என்னைக் காட்டி, "அவங்களைக் கேளுங்க" என்றார். நான் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "எடுங்க" என்றேன்.

இப்போது பழைய படம் எல்லா ஊரிலும் இறங்கிவிட்டது. புதிய படத்தில் நான் ஊசியோடு நிற்கிறேன், பெரியவர் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். கீழே இருக்கிற வாசகம் நான் சொன்னது: 'கோட்டு கொடுங்கள். ஜிப் நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.' போன வருஷத்துக் குழந்தை, இந்த வருஷத்து ஆதரவற்ற கிழவி இரண்டு பேரும் சேர்ந்தாலும் இதற்கு வந்தது வராது என்று செயலாளரம்மாவே சொன்னார், கழுத்தை நேராக வைத்துக்கொண்டு. இனிமேல் குடியிருப்பில் இருக்கிற ஒருவர் பார்த்துச் சரி சொல்லாமல் ஒரு படமும் அச்சுக்குப் போகாது என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். அந்த ஒருவர் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரியவருக்குத்தான் பாவம், சட்டையோடு இருக்கிற படத்தைப் பார்த்துவிட்டு அவருடைய அண்ணன் வெளியூரிலிருந்து ஒரு கோட்டு அனுப்பியிருக்கிறாராம்.

ஆகையால் மாதக் கடைசியில் நீ வர வேண்டாம். வீடு காலியாகாது. நான் உன் வீட்டுக்கு வந்து தங்கப் போவதும் இல்லை. அந்தப் பேச்சை இந்தக் கடிதத்தோடு விட்டுவிடு. நீயும் உன் குடும்பமும் நோய் நொடி இல்லாமல், தையல் விடாமல், நீடூழி வாழ வேண்டும்.

உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது உங்கள் ஊர் ஆலயத்திலிருந்து ஆள் வந்துவிட்டார். புதிய படத்தைப் பார்த்து அங்கே கோட்டுகள் குவிந்துகிடக்கின்றனவாம், ஜிப் மாற்ற ஒருவருக்கும் தெரியவில்லையாம். ஆகவே வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன். மேலே எழுதியதை அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும், அப்படியே இருக்கட்டும். வீட்டைக் காலி செய்து வரவில்லை, பூட்டிவிட்டு வருகிறேன். இனிச் செய்ய வேண்டியது: நீ ஜன்னல் ஓரத்தில் ஒரு மேசையும் பக்கத்தில் ஒரு ப்ளக் பாயிண்டும் தயார் செய்ய வேண்டும். உன் மனைவி, கையில் ஊசி பிடிக்கத் தெரிந்த பெண்கள் நாலு பேரை அக்கம்பக்கத்தில் சேர்த்து வைக்க வேண்டும். "ஓய்வெடுங்க அண்ணி" என்று சொல்லக் கூடாது. மெஷினை பஸ்ஸிலிருந்து இறக்க மருமகன் வர வேண்டும், கல்லூரி இருக்கிறது என்று சொன்னால் நம்பாதே. உங்கள் ஊர்ப் பாதிரியார் கோட்டுகளைச் சின்னது பெரியதாகப் பிரித்து, பைகளில் கையை விட்டுப் பார்த்து, துவைத்து அனுப்ப வேண்டும். எத்தனை நாள் இருப்பேன் என்று யாரும் கேட்க வேண்டாம்; அதை நான் சொல்வேன்.