நூறு கிராம் வைரத்தூள்

வைரம் என்ற சொல்லைப் படிவத்தில் எழுதவே கூடாது என்று சாத்தப்பன் முடிவு செய்தது காலை ஒன்பது மணிக்கு. பத்து மணிக்கெல்லாம் அவர் எழுதியிருந்த "மினுக்கும் பொடி"யைச் சுங்க அதிகாரி துஷ்யந்தி சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டார்.

"இன்வொய்ஸில டயமண்ட் பவுடர் எண்டு கிடக்கு. நீங்க அலுமாரிக்குப் பூசுற பொலிஷ் வகையில போட்டிருக்கிறியள். எது சரி?"

"ரெண்டும் சரிதாங்க மேடம். இந்தத் தூளை வச்சுத்தான் மாணிக்கக் கல்ல மினுக்குவாங்க. அதனால மினுக்குற பொடி."

"அப்ப தேங்காய் உடைக்கிற கத்தியைச் சமையல் எண்டு எழுதுவியள் போல."

சாத்தப்பன் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். துறைமுகத்தில் பொருள் விடுவிக்கும் சண்முகம் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர் அவர். அங்கே கற்றது ஒரே பாடம்: அதிகாரியின் கண்ணைத் திறக்க வைக்கும் சொல் எதையும் படிவத்தில் எழுதாதே. போன மாதம்தான் எல்லோர் முன்னிலையிலும் நீண்ட சொற்பொழிவு ஆற்றிவிட்டு அந்த வேலையை உதறி, ஜிந்துப்பிட்டியில் சொந்தப் பெயரில் பலகை மாட்டியிருந்தார். சண்முகம் கோபிக்கவே இல்லை. "ஒரு மாசம் உன் மேசைய எடுக்காம வச்சிருப்பேன்" என்று மட்டும் சொன்னார். அந்த மாதம் முடிய இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

இதுதான் சொந்தப் பலகைக்கு வந்த முதல் பார்சல். வெள்ளவத்தையில் கல் பட்டை தீட்டும் பலீலுக்கு வந்த நூறு கிராம் வைரத்தூள், ஒரு சின்ன டப்பாவில். வெள்ளிக்கிழமை வெளிநாட்டுக்காரர் ஒருவர் நீலக்கல் வாங்க வருகிறார். தூள் இல்லாமல் கல் மினுங்காது. கல் மினுங்காவிட்டால் சாத்தப்பன் தலையைக் குனிந்துகொண்டு பழைய மேசைக்குத்தான் போக வேண்டும்.

"சந்தேகம் வந்தா சாம்பிள் எடுக்க வேணும்," என்றார் துஷ்யந்தி. "பத்துப் பத்துக் கிராமா மூண்டு பக்கற்."

"மூணு எதுக்குங்க மேடம்?"

"ஒண்டு லேபுக்கு. ஒண்டு ஃபைலுக்கு. மற்றது இந்த ரெண்டும் துலைஞ்சா."

முப்பது கிராம் போனது. வெளியே வந்ததும் பலீலின் அழைப்பு வந்தது.

"சாத்தப்பன், எடுத்தாச்சா? கல்லு தீட்டுற சக்கரம் எல்லாம் ஓடாம சும்மா ஈக்கி."

"கைக்கு வந்த மாதிரிதான் பலீல் நானா," என்றார் சாத்தப்பன்.

யோசித்தார். பொலிஷ் இல்லையென்றால், தேய்க்கும் பொருள்! சுங்கப் புத்தகத்தில் அதற்குத் தனி வகையே இருக்கிறது. புதுப் படிவம் எழுதிக்கொண்டு பதினொன்றரைக்கு மறுபடி போய் நின்றார்.

துஷ்யந்தி படித்தார். டப்பாவைத் தூக்கி அடியைப் பார்த்தார்.

"தாள் எங்க?"

"என்ன தாளுங்க?"

"இது சேண்ட் பேப்பருக்குரிய வகை. பொடி ஒரு தாளிலயோ துணியிலயோ ஒட்டியிருக்க வேணும். இது சும்மா டப்பாவுக்குள்ள கிடக்கு."

சாத்தப்பன் தயங்கவில்லை. ஓட்டமாக ஓடி எதிர்க் கடையில் ஒரு பிரவுண் தாளும் கோந்துப் போத்தலும் வாங்கி வந்து மேசையில் பரப்பினார்.

"அஞ்சு நிமிஷம் குடுங்க மேடம். ஒட்டிடறேன்."

"இஞ்ச வச்சு உற்பத்தி செய்யப் போறியளோ? அதுக்கு வேற லைசன்ஸ் எடுக்க வேணும்!"

கோந்துப் போத்தல் பறிமுதலானது. இரண்டாவது சந்தேகத்துக்கு இன்னொரு முப்பது கிராம் எடுக்கப்பட்டது.

மதியச் சோறு இறங்கவில்லை. மனைவி பகவதி போன் பண்ணினார்.

"என்னாங்க ஆச்சு?"

"பொய் எல்லாம் தீந்துபோச்சு."

"அப்ப உண்மையைச் சொல்லித் தொலைங்களேன்!"

இது அதுவரை சாத்தப்பனுக்குத் தோன்றவே இல்லை. மூன்றாவது படிவத்தில், இரத்தினக் கற்களின் தூள் என்ற சரியான வகையில், "வைரத்தூள்" என்று கொட்டை எழுத்தில் எழுதினார். நெஞ்சு இலேசானது.

துஷ்யந்தி நாற்காலியில் சாய்ந்தார். "காலமை பொலிஷ். பிறகு சேண்ட் பேப்பர். இப்ப வைரம். பின்னேரம் என்ன, தங்கமோ?"

"சத்தியமா வைரந்தாங்க மேடம். நா உண்மையத்தான் சொல்றேன்."

"அதுதான் எனக்குப் பெரிய சந்தேகமாக் கிடக்கு."

மூன்றாவது முப்பது கிராம் எடுக்கும்போது அதிகாரியின் முகத்தில் வேர்வை வழிந்தது. கோபத்தைத் தணிக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் சாத்தப்பன் மேசை விசிறியை அவர் பக்கம் திருப்பினார்.

பக்கற்றுகள் தப்பின. டப்பாவில் மிச்சமிருந்த பத்துக் கிராம் எழும்பி, அறையைச் சுற்றி, அங்கிருந்த ஏழு பேரைத் தும்ம வைத்துவிட்டுத் தரையில் இறங்கியது.

"ஒருத்தரும் அசையக் கூடாது!" என்று கத்தினார் துஷ்யந்தி. "நிலத்தில கிடக்கிறது வரி கட்டாத சாமான். செருப்பில ஒட்டிக்கொண்டு வெளியில போனா கடத்தல்!"

ஏழு சோடிச் செருப்புகளும் ஒரு பையில் போடப்பட்டு, கட்டப்பட்டு, முத்திரையிடப்பட்டன. ஒரு சோடி அதிகாரியுடையது. சாத்தப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மேடம், இது என் முதல் வேலைங்க. இது கெட்டா நான் பழைய முதலாளிகிட்ட போய் நிக்கணும். ஏதாச்சும் வழி சொல்லுங்க."

வெறுங்காலோடு நின்றதாலோ என்னவோ, துஷ்யந்தியின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"ஒரே ஒரு வழிதான். மேல லேபில ரிப்போட் எடுத்துக்கொண்டு வாங்க. இது வைரத்தூள் எண்டு லேப்காரர் எழுதித் தந்தா, ஒன்பது பக்கற்றையும் இண்டைக்கே உங்கட கையில தாறன். செருப்பும் தாறன்."

தொண்ணூறு கிராம்! நீலக்கல்லுக்குத் தாராளமாகப் போதும். சாத்தப்பன் வெறுங்காலோடு மூன்று மாடி ஏறினார்.

ஆய்வுகூடத்தில் ஜவாஹிறா என்ற பெண் உட்கார்ந்திருந்தார். அன்று முழுதும் சாத்தப்பனைப் பார்த்துச் சிரித்த முதல் முகம் அதுதான். சாத்தப்பன் தன் கதையை மூச்சு விடாமல் கொட்டினார். ஜவாஹிறா மேசையில் வரிசையாக வைத்திருந்த மூன்று பக்கற்றுகளைக் காட்டினார்.

"ஓ, வந்திருக்கு. மெஷின் எல்லாம் ரெடியாத்தான் ஈக்கி. அஞ்சு நிமிஷ வேல."

"நல்லாருப்பீங்கம்மா! இப்பவே பாத்துடலாமா?"

ஜவாஹிறா சாத்தப்பன் நீட்டிய விசிட்டிங் கார்டை வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, நீங்க கிளியரிங் ஏஜென்டா? அப்ப எங்கட பார்சலயும் கொஞ்சம் எடுத்துத் தாங்களேன், அது வந்தாத்தான் உங்கட தூளப் பாக்க ஏலும். வச்சு ஒத்துப் பாக்கிறதுக்கு நாங்க எடுப்பிச்ச வைரத்தூள் மூணு மாசமா கீழ துஷ்யந்தி மேடத்துக்கிட்டதான் கிடக்கு, அது வைரத்தூள்தான் எண்டு எங்கட ரிப்போட் இல்லாம விடமாட்டாவாம்!"