உங்கள் தம்பியின் லுங்கிகள் கால்மிதியான விவரம்

போடிநாயக்கனூர்,
வியாழக்கிழமை மத்தியானம்.

மரியாதைக்குரிய மதினி கருப்பம்மாள் அவர்களுக்கு, உங்கள் தம்பி பெண்டாட்டி அய்யம்மாள் வணங்கி எழுதிக்கொண்டது. இங்கு நான் சுகம். தேவாரத்தில் நீங்களும் அண்ணனும் மருமகன் விஜயபாண்டியும் மாடுகன்றுகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். போன வாரம் உங்கள் பக்கத்துத் தோப்பில் யானை இறங்கி வாழையைச் சாய்த்ததாகக் கேள்விப்பட்டேன். உங்கள் தோப்புக்குள் வரவில்லையாம். யானைக்கும் ஆள் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போனில் சொல்லாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம், போனில் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீங்கள் ஒன்பது வரி சொல்லிவிடுகிறீர்கள். போனை வைத்த பிறகுதான் எதற்குப் போட்டேன் என்பது எனக்கு ஞாபகம் வருகிறது. போன மாதம் விஜயபாண்டி வந்து, "அத்தை, மாமா லுங்கி ஒன்னு வாங்கிட்டு வரச் சொல்லுச்சு அம்மா. தம்பி ஞாவகமா வச்சுக்கணுமாம்" என்று கேட்டான். நான், "எல்லாம் துவைக்கப் போட்டுருக்கேன் அப்பு, அடுத்த தடவ வா" என்றேன். செத்து எட்டு மாதமான மனுஷனுக்குத் துவைக்கிற துணி எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்கவில்லை. காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். நல்ல குணம், அண்ணனைப் போல. உண்மை என்னவென்றால் மதினி, உங்கள் தம்பியின் லுங்கி ஒன்றுகூட என்னிடம் லுங்கியாக இல்லை. ஒன்பதையும் கிழித்துக் கால்மிதி ஆக்கிவிட்டேன். இந்த இடத்தில் கடிதத்தைக் கீழே போட்டுவிடாதீர்கள், மீதியையும் படியுங்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீங்கள் எல்லோரும் போனீர்கள். மகள் சிவரஞ்சனி ஒரு மாதம் இருந்துவிட்டுத் திருப்பூருக்கே போய்விட்டாள், அவளுக்குக் கம்பெனியில் லீவு இல்லை. இவர் காலை ஐந்து மணிக்கு ஜீப்பைக் கிளப்பினால் தெருவே எழுந்து திட்டும். இப்போது ஐந்து மணிக்கு நான் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன், திட்ட ஒரு ஆள் இல்லை. இரண்டு பேருக்கு உலை வைத்த கை, ஒரு ஆளுக்கு அளந்து போட வரவில்லை. மிஞ்சியதைக் காக்காவுக்கு வைத்து வைத்து, எங்கள் மொட்டைமாடிக் காக்காக்கள் இரண்டு பறப்பதை விட்டுவிட்டு நடந்து போகின்றன. ஒரு நாள் முழுவதும் என்னிடம் பேசுகிற ஒரே ஆள் பால்காரர். அவர் "அரையா, காலா?" என்பார். நான் "கால்" என்பேன். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது.

இதைச் சிவரஞ்சனியிடம் சொன்னேன். அவள் எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ஜெனியிடம் சொல்லி என்னை ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டாள். வீட்டில் கையால் செய்கிற சாமான்களைப் படம் எடுத்துப் போடுகிற குரூப். ஒருத்தி பாட்டிலுக்குப் பெயிண்ட் அடித்துப் போடுவாள். எதிர்வீட்டு வித்யா தேங்காய்ச் சிரட்டையில் கிளி செய்து போட்டாள், பார்க்கப் பெருச்சாளி மாதிரி இருந்தது, அதற்கு இருபத்தாறு பேர் ஹார்ட் போட்டார்கள். பெருச்சாளிக்கே இருபத்தாறு என்றால் நம்மால் முடியாதா என்று தோன்றியது. பழைய பருத்தித் துணியை நீளநீளமாகக் கிழித்து, சடை பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்தால் கால்மிதி என்று ஒரு வீடியோவில் காட்டினார்கள். வீட்டில் பழைய பருத்தித் துணி என்று பீரோவைத் திறந்தால் இவருடைய லுங்கிதான். உங்களுக்குத் தெரியாதது இல்லை. சட்டை எப்படிக் கசங்கினாலும் போட்டுக்கொண்டு போவார், லுங்கிக்கு மட்டும் இஸ்திரி வேண்டும். மடித்து வைத்த லுங்கியை யாராவது தாண்டிப் போனாலே முகம் கோணும்.

முதல் லுங்கியைக் கிழிக்க அரை நாள் ஆனது. கையில் எடுப்பேன், வைப்பேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தேன், அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பின்னித் தைத்துப் பார்த்தால் வரட்டி மாதிரி நடுவில் மேடாக நின்றது. அதையும் படம் எடுத்துப் போட்டேன். முப்பத்திரண்டு ஹார்ட். மதினி, பால்காரரைத் தவிர ஆள் இல்லாத வீட்டில் ஒரே சாயங்காலத்தில் முப்பத்திரண்டு பேர். மறுநாள் வித்யா வீட்டுக்கே வந்து, "எனக்கு ஒன்னு குடுங்கக்கா" என்று உட்கார்ந்தாள், காப்பி குடித்தாள், மாமியாரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள். அதற்கு அடுத்த நாள் இரண்டு பேர். கால்மிதி கேட்டு வருகிறவள் வாசலோடு போக மாட்டாள் என்பதைக் கண்டுகொண்டேன். அதற்கப்புறம் எனக்குக் கை நிற்கவில்லை. கிழித்தேன், பின்னினேன், கொடுத்தேன். தெருவுக்கு ஆறு, டீக்கடை ஸ்டான்லிக்கு ஒன்று, ஜெனியின் மாமியார் தேவகிருபைக்கு ஒன்று, நம் ஜீப்பை வாங்கி ஓட்டுகிற அமாவாசைக்கு ஒன்று. பீரோ காலியானது, எனக்குத் தெரியவே இல்லை.

போன மாதம் சாரல் பிடித்துக்கொண்ட ஒரு நாள் ஜெனி வீட்டில் ரவிக்கை வாங்கப் போனேன். தேவகிருபை கொல்லையிலிருந்து சேற்றுக் காலோடு வந்தார். வாசலில் கிடந்த கால்மிதியில் வலது காலைத் தேய்த்தார். அப்புறம் இடது கால். அப்புறம் திரும்பவும் வலது கால், விரல் இடுக்கெல்லாம். நீலத்தில் அரக்குக் கட்டம் போட்ட லுங்கி அது, சிவரஞ்சனி பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் இவர் கட்டிக்கொண்டு நின்றது. ரவிக்கையை வாங்காமலே வந்துவிட்டேன். வரும் வழியில் ஒவ்வொரு வாசலாகப் பார்க்கிறேன், ஒவ்வொரு வாசலிலும் இவர் கிடக்கிறார்.

திருப்பி வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். கொடுத்ததை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் வித்யாவிடம் ஒரு பொய் சொன்னேன். "சாயம் சரியில்ல போலருக்கு, காலு கீலு அரிச்சாலும் அரிக்கும், குடுத்துரு" என்றேன். அவள் தன் கணுக்காலைப் பார்த்தாள். எந்தக் காலத்திலோ கொசு கடித்த தழும்பு ஒன்று இருந்தது. அன்றைக்கே குரூப்பில் ஜெனி எழுதிவிட்டாள், அய்யம்மாள் அக்கா கால்மிதியால் வித்யாவுக்கு அரிப்பு, வைத்திருப்பவர்கள் உடனே திருப்பிக் கொடுக்கவும் என்று. மறுநாள் காலையில் ஆறும் என் வாசலில் கிடந்தன. ஒன்றைக் குச்சியால் தள்ளி வைத்திருந்தார்கள். யாரும் கதவைத் தட்டவில்லை. கால்மிதி எல்லாம் வந்துவிட்டது, ஆட்கள்தான் வரவில்லை.

மிச்சம் மூன்று. ஸ்டான்லி கடைக்குப் போனால் அவருடைய நாய் அதன் மேல் நாலு குட்டி போட்டுப் படுத்திருக்கிறது. நான் குனிந்ததும் பல்லைக் காட்டியது. "குட்டி கண்ணு முழிக்கட்டும்க்கா, நானே கொண்டாந்து தர்றேன்" என்றார் ஸ்டான்லி. சரி என்றேன். குட்டிகள் கதகதப்பாக இருந்தன, அதில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை.

அமாவாசையைப் பிடிக்க விடியற்காலையில் ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போனேன். அவன் வண்டியைக் கிளப்பிவிட்டான். என்னையும் மதினி என்றுதான் கூப்பிடுவான். "மதினி, ஏலக்காட்டுக்கா? வெரசா ஏறுங்க, லோடு ரெடி" என்றான். உள்ளே தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்கள் பதினோரு பேர். அத்தனை பேர் முன்னால் கால்மிதி கேட்கக் கூச்சமாக இருந்தது. ஏறிவிட்டேன். கீழே குனிந்து தேடினால் இருபத்திரண்டு காலும் தூக்குவாளியும்தான் தெரிகிறது. "என்னத்தா தேடுற?" என்றாள் ஒருத்தி. "மயக்கமா வருது" என்று சொல்லி வைத்தேன். இப்படியாகக் கால்மிதிக்காக வளைவு வளைவாகப் போடிமெட்டு வரைக்கும் போய்ச் சேர்ந்தேன். இவர் போன பிறகு நான் மலை ஏறியது அதுதான் முதல் தடவை.

பெண்கள் இறங்கிய பிறகு கேட்டேன். அமாவாசை சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்தான். முதுகு படுகிற இடத்தில் கால்மிதியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். "அண்ணே லுங்கிய நான் கால்ல போட்டு மிதிப்பேனா மதினி?" என்றான்.

"அவரு லுங்கின்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"சொல்லணுமாக்கும். இது செவ்வாக்கெழம கட்டுற பச்ச. இந்தா பாருங்க, டீசல் கற."

பின்னலுக்குள் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறை இருந்தது. துவைத்தவள் நான், கிழித்தவள் நான், பின்னியவள் நான். என் கண்ணில் படவில்லை, அவன் கண்ணில் பட்டிருக்கிறது. அங்கேயே கல்லில் உட்கார்ந்துவிட்டேன். டீக்கடைக்காரர் மலையாளத்தில், "சேச்சி, சாயா எடுக்கட்டே?" என்றார். அமாவாசை என் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் இவரைப் பற்றியே பேசினான். எட்டு மாதமாக என்னிடம் யாரும் இவர் பேரை எடுப்பதில்லை மதினி, நான் அழுதுவிடுவேன் என்று பயம். அவன் பயப்படவில்லை. மேட்டில் ஜீப்பு திணறினால் உங்கள் தம்பி ஸ்டீரிங்கைத் தட்டி, "ஏறுத்தா கருப்பாயி, ஏறிரு, ஒன்னால முடியும்" என்பாராம். முப்பது வருஷமாக ஜீப்புக்கும் அவர் உங்களைக் கூப்பிடுகிற பெயர்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான், சிரித்தது நான்தான் என்று உறைத்தது. கால்மிதியை அவனிடமே விட்டுவிட்டேன்.

கடைசியாகத் தேவகிருபை. "அரிப்பு கிரிப்பு ஒன்னுமில்ல, மெத்துன்னு இருக்கு, நான் தரமாட்டேன் போ" என்றார். பொய் சொல்லிச் சலித்துப்போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கால்மிதியைப் பார்த்தார், பிறகு இரண்டு காலையும் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார். "ஈஸ்வரனா இது" என்று இவர் பேரைச் சொன்னார். அப்புறம், "நான் எங்க வீட்டுக்காரரு வேட்டி எட்டையும் பாத்திரக்காரன்ட்ட போட்டு எவர்சில்வர் வாளி வாங்குனேன். இருவது வருசமாச்சு. அத இன்னும் யாருக்கும் எரவல் குடுத்ததில்ல" என்றார். இப்போது அந்தக் கால்மிதியைத் துவைத்து நாற்காலியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொள்கிறார். மிதிப்பதற்கு இது தேவலாமா என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன், முடிவுக்கு வர முடியவில்லை.

வீட்டில் இருக்கிற ஆறில் ஒன்றைப் பிரித்து உங்களுக்காகத் திரும்ப லுங்கியாக ஒட்டுப்போட்டுத் தைத்துப் பார்த்தேன். கொசுவலை கிழிந்த மாதிரி வந்தது. ஆகையால் மெரூன் நிறக் கால்மிதி ஒன்றைக் கடிதத்தோடு சேர்த்து, சனிக்கிழமை உரம் வாங்க வருகிற விஜயபாண்டியிடம் கொடுத்தனுப்புகிறேன். அதில் கால் வைக்கக் கூடாது என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். கோபம் இருந்தால் கடிதத்தில் திட்டி எழுதுங்கள், அதற்காக மெனக்கெட்டு நேரில் வர வேண்டாம். உங்களுக்கு முழங்கால் வலி, பஸ்சில் ஒரே கூட்டம். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, சோலிக்கே பொழுது போதவில்லை.

அண்ணனை விசாரித்ததாகச் சொல்லவும். விஜயபாண்டிக்குத் தை பிறப்பதற்குள் மனசுக்குப் பிடித்த இடத்தில் பெண் அமையட்டும். உங்கள் வீட்டில் பால் பொங்கி, பயிர் தழைத்து, யானை ஒதுங்கிப் போக எல்லாச் சாமியும் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி பெண்டாட்டி,
அய்யம்மாள்.

பி.கு.: ஒட்டிய கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே ஒன்பது லுங்கி என்று எழுதியது பொய். பத்து. பத்தாவது, கடைசி நாள் அவர் கட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டு என் கையில் கொடுத்தார்கள். கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. இந்த எட்டு மாதத்தில் அந்த முடிச்சை நான் தொடவில்லை. தனியாக அவிழ்க்கக் கை வரவில்லை மதினி. அதை விஜயபாண்டியிடம் கொடுத்துவிட மாட்டேன். நீங்கள் வாருங்கள். காலை எட்டு மணி பஸ்சில் கூட்டமே இருக்காதாம், கண்டக்டரிடம் கேட்டுவிட்டேன். நாலு நாள் தங்குகிற மாதிரி மாற்றுச் சேலை எடுத்துக்கொண்டு வரவும்.