இரண்டு மூட்டையும் எட்டு வரியும்

முப்பத்தொரு வருடத்துக்கு முன், கல்யாணமான மூன்றாம் நாள் விடியலில், செல்லப்பன் ஒரு சத்தம் கேட்டு விழித்தார். பொட், பொட், பொட பொட. தகரக் கூரையில் மழை விழுகிறது என்று எழுந்து ஓடி, வாசலில் காயப்போட்ட மிளகை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். வானத்தில் ஒரு துளி மேகமில்லை. அடுப்படியில் புதுப்பெண் சசிகலா இரும்புச் சட்டியில் காபிக் கொட்டை வறுத்துக்கொண்டிருந்தார். கொட்டை வெடிக்கிற சத்தம்தான் அது. மிளகுக் கூடையோடு நின்ற கணவரை அவர் பார்த்தார். சிரிக்கவில்லை. அதுதான் செல்லப்பனுக்கு இன்றுவரை ஆறவில்லை. சிரித்திருந்தால் அன்றோடு போயிருக்கும்.

செல்லப்பன் இருபத்தெட்டு வருடம் எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தார். மலைப் பாதையில் அவர் நடந்தால் மூன்று வளைவுக்கு முன்பே "ரைட்டருங்க வர்றாரு" என்று பேச்சு வந்துவிடும். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இப்போது பஸ்ஸில் கண்டக்டர் "பெரியவரே, தள்ளி நில்லுங்க" என்கிறார். பெயரில்லாமல் போவது ஒரு நாளில் நடப்பதில்லை. ஒரு நாள் ஒருவர் கூப்பிட மறக்கிறார், அடுத்த வாரம் இன்னொருவர்.

அந்தச் சமயத்தில்தான் தலைச்சோலைக் காபி விவசாயிகள் குழுவுக்கு வறுக்கும் மிஷின் வருவதாக ஏற்பாடாயிற்று. ஏற்காட்டில் காபித் தூள் கடை வைத்திருக்கும் ஜைனப் வறுத்த கொட்டையை வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "இந்தப் பொட்டலம் எப்படியோ, அப்படியே அடுத்த பொட்டலமும் இருக்கணும். இன்னிக்குக் கருகல், நாளைக்குப் பச்சைன்னா எனக்கு வேண்டாம்."

மிஷினுக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளை எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள்.

குழுத் தலைவி அமலி, சசிகலா பெயரைச் சொன்னார். செல்லப்பன் தன் பெயரைத் தானே சொன்னார். கூட்டம் மரியாதையாகத் தரையைப் பார்த்தது. அப்போதுதான் அவர் அந்த மகத்தான அறிவிப்பைச் செய்தார்.

"இதுல புருஷன் பொண்டாட்டிங்கற பேச்சே வேண்டாமுங்க. கணக்கு சொல்லட்டும். விலக்க வர்க்கச் சராசரி யாருக்குக் கம்மியோ அவங்கதான் மாஸ்டர்."

அதற்குமேல் யாரும் வாதாடவில்லை. பாதி அந்தப் பெயரின் நீளத்துக்குப் பயந்து.

கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகள் தீபிகா தன் பழைய லேப்டாப்பை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். போனிலேயே சொல்லிக்கொடுத்து, எட்டே வரியில் ஒரு புரோகிராம் எழுத வைத்தாள். எண்களைக் கொடுத்தால் சராசரி வரும். ஒவ்வொரு எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அந்த விலகலை அதாலேயே பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்துச் சொல்லும். விடை சின்னதாக இருந்தால் ஆள் நிதானம். பெரிதாக இருந்தால் தடுமாற்றம்.

சசிகலா பின்னால் நின்று பார்த்தார்.

"ஏனுங்க, விலகலை எதுக்குங்க அதாலயே பெருக்கோணும்?"

"ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். சும்மா கூட்டுனா ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு பூஜ்யமாயிரும். தப்பு பண்ணுனவன் தப்பிச்சுக்குவான். பெருக்குனாத்தான் மாட்டுவான்."

"எனக்குப் பெருக்கறதுன்னா ஒண்ணுதானுங்க தெரியும். காலைத் தூக்குங்க."

அவர் காலைத் தூக்கினார். சசிகலா கூட்டி முடித்துப் போனார்.

சோதனை பத்து நாள். நாளுக்கு ஆளுக்கொரு தடவை, அரைக் கிலோ பச்சைக் கொட்டை, கையால் சுற்றுகிற அதே பழைய வறுக்கும் உருளை, அதே விறகடுப்பு. வறுத்ததை உறையில் போட்டு ஒட்டி, அவரவர் மூட்டையில் சேர்க்க வேண்டும். அரைக் கிலோவில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பதினோராம் நாள் ஜைனப் கடையில் நிறுத்துப் பார்ப்பது. உறைகளில் நம்பர் போடும் வேலையைச் செல்லப்பனே எடுத்துக்கொண்டார். தன் கையெழுத்தின்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். ஆகவே இரண்டு மூட்டையிலும் உள்ளே ஒரே கையெழுத்து. வெளியே கழுத்தில் கட்டிய அட்டையில் மட்டும்தான் பெயர்.

செல்லப்பன் ஸ்டாப்வாட்ச் வைத்து வறுத்தார். பதினாறு நிமிடம். ஒரு நொடி கூடாது, குறையாது. சசிகலா வாட்சைப் பார்க்கவே இல்லை. முகத்தைத் திருப்பி, காதை உருளைப் பக்கம் வைத்துக்கொண்டு, எங்கோ பார்த்தபடி சுற்றினார். ஐந்தாம் நாள் பனி இறங்கியது. விறகு ஈரம். கொட்டையும் ஈரத்தை இழுத்துக்கொண்டது. செல்லப்பனின் பதினாறு நிமிடத்துக்கு அது தெரியவில்லை.

"ஏனுங்க, இன்னும் வெடிக்கவே இல்லையே, எடுத்துட்டீங்க?"

"நேரமாச்சு."

"உங்களுக்கு ஆச்சுங்க. கொட்டைக்கு ஆவலீங்களே."

"கொட்டையைக் கேட்டா வறுப்பாங்க?"

சசிகலா தன் பங்குக் கொட்டையை உருளையில் போட்டார். கேட்டுத்தானே முப்பத்தொரு வருடமாக வறுக்கிறார்.

பத்தாம் நாள் மத்தியானம் சசிகலா செம்மநத்தத்துக்கு ஒரு வளைகாப்புக்குப் போனார். செல்லப்பன் தனியாக இருந்தார். தராசும் இருந்தது. நாளைக்குத் தெரியப்போவதை இன்றைக்கே தெரிந்துகொள்வதில் குற்றமில்லை என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, மூட்டைகளைப் பிரித்து நிறுத்தார்.

அவருடைய முதல் உறை நானூற்று முப்பத்தொன்று கிராம். அடுத்தது நானூற்றுப் பதினெட்டு. பிறகு நானூற்று இருபத்தேழு, நானூற்று ஒன்பது, நானூற்று முப்பத்தாறு. மலைப் பாதை மாதிரி ஏறி இறங்கியது. சசிகலாவினுடையது நானூற்று இருபத்துநான்கு. அடுத்தது இருபத்துமூன்று. இருபத்தைந்து. மறுபடி இருபத்துநான்கு. ஏரித் தண்ணீர் மாதிரி கிடந்தது.

எட்டு வரி ஓடியது. சசிகலா: 1.2. செல்லப்பன்: 85.6.

மகளுக்குப் போன் போட்டார்.

"கண்ணு, பத்தால வகுக்கறதுக்குப் பதிலா ஒன்பதால வகுக்கலாம்னு ஒரு முறை இருக்குதுன்னயே?"

"ஆமாங்ப்பா. மாதிரிக்கு எடுத்துப் பாக்கறப்ப அப்படித்தான் வகுப்பாங்க."

"அப்படி வகுத்தா எண்பத்தஞ்சு குறையுமா சாமி?"

"கூடும்ப்பா. தொண்ணூத்தஞ்சு ஆயிரும்." சற்று யோசித்தாள். "யாரோடதுங்ப்பா அது?"

"ஒருத்தரோடது."

"நொம்ப மோசமான ஆளா இருப்பாரு போல."

போனை வைத்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். இருபத்தெட்டு வருடம் மஸ்டர் என்கிற ஆள் பதிவேட்டில் ஒரு பேர் மாற்றி எழுதாத மனிதர். வெளியே பனி ஏறி வந்து சில்வர் ஓக் மரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போயிற்று. பிறகு எழுந்தார். இரண்டு மூட்டையின் கழுத்திலிருந்தும் அட்டையை அவிழ்த்தார். மாற்றிக் கட்டினார். அவ்வளவுதான். அரை நிமிட வேலை. அதற்குப் பின் முகம் கழுவினார், எதற்கென்று தெரியாமல்.

மறுநாள் காலை பஸ்ஸில் மூட்டைகள் ஏற்காடு போயின. ஜைனப் கடையில் குழு கூடியிருந்தது. செல்லப்பன் லேப்டாப்பைத் திறந்து வைத்தார். அமலி அவர் தோளுக்குப் பின்னால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நின்றார். ஜைனப் ஒவ்வொரு உறையாகத் தராசில் வைத்துச் சொல்ல, செல்லப்பன் தட்ட வேண்டும்.

"செல்லப்பண்ணன் மூட்டை. முதல் உறை." தராசு நின்றது. "நானூத்து முப்பத்தொண்ணு."

செல்லப்பனின் விரல் விசையின்மேல் அப்படியே நின்றது.

"தட்டுங்கண்ணே."

"இன்னொருக்கா பாத்துச் சொல்லுங்க."

"முப்பத்தொண்ணுதாண்ணே. ரெண்டாவது, நானூத்துப் பதினெட்டு."

அந்த எண்களை அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். மூட்டையைப் பார்த்தார். அட்டையில் அவர் பெயர்தான். அவர் கையெழுத்துதான். வாயைத் திறந்தால் என்ன சொல்வது? இது என் மூட்டை இல்லை என்றா? ஆனால் அது அவருடைய மூட்டைதான். உண்மைக்கு எதிராகப் புகார் செய்ய அவருக்கு வழி தெரியவில்லை. இருபது எண்ணையும் தட்டினார். அமலி திரையைப் பார்த்துச் சத்தமாக வாசித்தார்.

"எண்பத்தஞ்சு புள்ளி ஆறு. சசிகலாக்கா ஒண்ணு புள்ளி ரெண்டு. அண்ணே, உங்க கணக்கு ஒளிவு மறைவில்லாம சொல்லுதுங்க. நீங்களே வெச்ச பரீட்சை, நீங்களே ஒத்துக்கிட்டீங்க. பெரிய மனசு."

எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் செல்லப்பனுக்கு மிளகுக் கூடை மாதிரி கனத்தது.

ஒருவர் முகம் மட்டும் மலரவில்லை. சசிகலா மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார், கணக்கில் எதையோ தொலைத்தவர் போல.

திரும்பும் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். இரண்டு வளைவு தாண்டியது.

"ஏனுங்க."

"ம்."

"காலைல நீங்க குளிக்கப் போனப்ப நானொரு தப்புப் பண்ணிட்டனுங்க. மூட்டையில இருந்த அட்டையை மாத்திக் கட்டிப்போட்டேன்."

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"உங்க வறுப்பு ஏறி இறங்குனது எனக்குக் காதுலயே தெரிஞ்சுதுங்க. ரைட்டருன்னு கூப்பிட ஆளில்லாம ரெண்டு வருஷமா நீங்க ஊட்டுக்குள்ள சுத்தறதும் தெரியும். மாஸ்டருன்னாச்சும் நாலு பேரு கூப்பிடட்டும்னுதான் மாத்துனேன்."

 செல்லப்பன் ஏதாவது சொல்லியிருக்கலாம். முப்பத்தொரு வருடத்தில் சொல்லாமல் விட்டவற்றில் ஒன்றையாவது. அதற்குள் பஸ் அடுத்த வளைவில் திரும்ப, சசிகலா அவர்மேல் சாய்ந்து நிமிர்ந்தார். சசிகலாவின் நெற்றி சுருங்கியிருந்தது. விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியலீங்க. ஒருக்கா மாத்துனா எம்பட மூட்டை உங்க பேருக்குத்தான வரோணும்? ரெண்டு தடவை மாத்துனாத்தான எம்படது எனக்கே வரும்?"

பஸ் முனகிக்கொண்டு ஏறியது.

"நான் ஒரு தடவைதானுங்க மாத்துனேன்."

அன்றும் அவர் சிரிக்கவில்லை.

இப்போது தலைச்சோலையில் மிஷின் ஓடுகிறது. சசிகலாவை மலை முழுக்க மாஸ்டரம்மா என்று கூப்பிடுகிறார்கள். பொட்டலங்களுக்கு லேபிள் ஒட்டுகிறவர் செல்லப்பன். ஒட்டியதைச் சரிபார்க்கிறவர் சசிகலா.