தொம் அண்ணனும் மேளத்தின் வயிறும்

மேளத்தின் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு, வெளியே உட்கார்ந்திருப்பவனிடம் "மிதிடா!" என்று கத்தக்கூடிய மனிதர் நெகிரி செம்பிலான் மாநிலம் முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான். அவர் எங்கள் தொம் அண்ணன். அதற்குப் பிறகும் அவருக்குக் காது கேட்டதென்றால் அது அவருடைய கெட்டிக்காரத்தனம் இல்லை, ஆத்தா போட்ட பிச்சை.

எங்கள் தோட்டம் கோலா சாவா பக்கம். அண்ணன் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். சனி ஞாயிறு வந்துவிட்டால் ஒரு பழைய வேனில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று சவுண்ட் சிஸ்டம் போடக் கிளம்பிவிடுவார். அடையாள அட்டையில் அவருக்கு என்ன பெயரோ, எனக்குத் தெரியாது. எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் உதட்டைப் பிதுக்கி, எங்கள் ஊர் 'லா' சேர்த்து, "தொம் வரலலா" என்பார். அதுவே பெயராகிவிட்டது.

தொம் என்றால் என்ன என்று அவரிடம் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் உங்கள் கோப்பி ஆறிவிடும்.

"டிக்குன்னு காதுல கேக்குதே, அது மேளத்தோட வாய். தொம்முன்னு நெஞ்சுல வந்து இடிக்குதே, அது வயிறு. எல்லாப் பயலும் வாய்க்கு மைக் வைக்கிறான் தம்பி. வயித்துக்கு எவன் வைக்கிறான்?"

மேளம் மட்டும் இல்லை. அடிவயிற்றிலிருந்து பேசும் எந்த வாத்தியமும் அவரைப் பைத்தியமாக்கும். லுக்குட்டில் ஒரு கல்யாணத்துக்கு இசைக்குழு வந்திருந்தது. பேஸ் கித்தார்க்காரருடைய பெட்டிக்கு எந்த மைக், அதை எங்கே வைப்பது என்று பார்க்க, பட்டு ஜிப்பாவோடு அண்ணன் தரையில் படுத்து, பெட்டியின் துணியில் காதை ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளையின் அத்தை பார்த்துவிட்டார்.

"ஐயையோ, ஆளு விழுந்துட்டாரு! தைலம் கொண்டாங்க!"

ஆளுக்கொரு பக்கம் உள்ளங்காலைத் தேய்க்கிறார்கள். நெற்றியில் தைலம், மூக்கில் தைலம். அண்ணன் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "அக்கா, கொஞ்சம் சத்தம் போடாதீங்க. நடுவுல வச்சா கரகரங்குது. ஓரத்துலதான் கொழகொழன்னு வருது" என்றாராம். தாலி கட்டியதை அந்த மூலையில் ஒருவரும் பார்க்கவில்லை.

இப்பேர்ப்பட்ட மனிதரை எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட வேண்டும் என்று கமிட்டியில் எழுந்து பேசியவன் நானேதான். அதற்குக் காரணம் என் மனைவி லெட்சுமி.

லெட்சுமிக்குப் பெரிய ஆபரேஷன் நடந்து, ஆத்தா புண்ணியத்தில் பிழைத்து எழுந்தாள். பிழைத்தால் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். எங்கள் கோயிலில் வாசலில் கோலம் போட்டு, அதன் மேல் ஆளை நிறுத்தி, குடத்தைத் தலையில் ஏற்றி, மேளம் அடிப்பார்கள். அருள் வந்த பிறகுதான் அடி எடுத்து வைப்பது. மேளக்குழுப் பையன்கள் உருமி, தவிலோடு காலால் மிதிக்கிற பெரிய டிரம் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். அந்த டிரம் இறங்கினால்தான் எங்கள் பெண்களுக்குச் சாமி இறங்கும்.

அவள் குடம் எடுத்த முதல் வருஷம் சவுண்ட் போட வந்தவர், பாடுகிற மைக் ஒன்றை அந்த டிரம்முக்கு வைத்தார். ஒலிபெருக்கி முழுக்க பிஸ்கட் டின்னைத் தட்டுகிற சத்தம். உருமி, தவில் எல்லாம் அந்த டக்டக்கில் மூழ்கிப்போயின. மற்றவர்கள் எப்படியோ ஆடிப் புறப்பட்டார்கள். லெட்சுமி கோலத்தின் மேல் கல் மாதிரி நின்றாள். கடைசியில் பூசாரி கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போனார். வீட்டுக்கு வந்து சாமி அறையில் உட்கார்ந்து அழுதாள்.

"ஆத்தா என்கிட்ட வரலங்க. என் பால அவ ஏத்துக்கல."

நான் சத்தத்தைக் குறை சொன்னேன். அவள் கேட்கவில்லை. தன் மேல்தான் ஏதோ குறை என்று அவள் மனசுக்குள் விழுந்துவிட்டது. அடுத்த வருஷமும் குடம் எடுக்கிறேன், அப்போதும் வரவில்லை என்றால் இனிமேல் கோயில் வாசலை மிதிக்கமாட்டேன் என்றாள். சாமி கும்பிடுகிற வீட்டில் இதைவிடப் பெரிய இடி என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

இதைத் தொம் அண்ணனிடம் பெட்ரோல் ஸ்டேஷனில் நின்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அவர் "டிரம்முக்கு என்ன மைக் வச்சான் அந்த மடையன்?" என்று மட்டும் கேட்டார். என் தலைவலி அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

மைக் பார்க்கிறேன் என்று புறப்பட்டவர், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது மாதிரி பார்த்தார். சிரம்பானில் தெரிந்த கடை, தெரியாத கடை, பஜனைக் குழு, கல்யாண மண்டபம் என்று எங்கெங்கோ இரவல் வாங்கி வருவார். வந்து நேராக என் வீட்டு வாசலில் வேனை நிறுத்துவார். டிரம்மை என் வீட்டில்தான் வைத்திருந்தது கமிட்டி. என் தலையெழுத்து.

"இது ரொம்ப மென்மையான பிள்ள தம்பி. பேச்சு சத்தமெல்லாம் அழகா எடுக்கும். ஆனா ஒரு மிதி மிதிச்சா கரகரன்னு அழுதுடுது. வேணாம்."

அடுத்த வாரம் தோசைக்கல் மாதிரி தட்டையாக ஒன்று. டிரம்முக்குள் படுக்கவைக்கிற ஜாதியாம். "இதுக்கு டிக் நல்லா வருது, தொம் பத்தல. வாய்தான் பெருசு, வயிறு இல்ல."

அதற்கடுத்த வாரம் இன்னொன்று. "இதுக்குத் தொம் மட்டும் வருது. தலகாணிய அடிச்ச மாதிரி இருக்கு. ரெண்டும் வேணும்லா. அடியையும் தாங்கணும், ஆழமும் போகணும்."

தலையணை என்றதும் ஞாபகம் வருகிறது. டிரம்முக்குள் தலையணை வைத்தால்தான் சத்தம் சிதறாதாம். தன் வீட்டுத் தலையணை சரியில்லை என்று எங்கள் கட்டிலில் இருந்ததை அமுக்கிப் பார்த்தார். "ஆஹா! இலவம் பஞ்சு!" அவ்வளவுதான். காப்பு கட்டிய நாளிலிருந்து நான் கையை மடித்துத் தலைக்கு வைத்துத்தான் படுத்தேன்.

விரதத்தில் இருப்பவன் கோபப்படக் கூடாது. இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மனிதர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். நான் பூசைக்கு உட்கார்ந்து மணியடித்தால் வெளியே தொம். கற்பூரம் காட்டினால் தொம், தொம். விளக்குச் சுடர் ஒவ்வொரு மிதிக்கும் குனிந்து நிமிரும். "அண்ணே, சாமி கும்பிடுறேன்!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால், ஜன்னலில் தலை நீட்டி, "சாமி படம் ஆடுதா தம்பி? ஆடலியா? அப்ப இதுவும் வேணாம்" என்பார்.

வேனில் ஒரு செத்த ஸ்பீக்கர் வேறு. பெட்டி இல்லாமல், பெரிய சோற்றுச் சட்டி அகலத்தில், காகிதம் கிழிந்து ஒட்டுப்போட்டது. பாட்டைப் போட்டால் அதில் தவளைச் சத்தம்தான் வரும். அதைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துதான் அவர் பசியாறுவார். கால் தடுக்கி நானே விழுந்திருக்கிறேன்.

"இந்தச் செத்ததத் தூக்கிப் போடுங்கண்ணே!"

"தொண்டைதான் போச்சு தம்பி. காது இருக்கு."

பைத்தியம் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எப்படியோ, திருவிழாவுக்கு முந்தின வாரம் மாப்பிள்ளை அமைந்துவிட்டார். முட்டைத் தலையும் தடித்த கழுத்துமாக ஒரு கறுப்பு மைக். அண்ணனே ஆசைப்பட்டுப் புதிதாக வாங்கியது. மிதித்தோம். நெஞ்சில் வந்து இடித்தது. சாமி படமும் ஆடியது. அண்ணன் அதைத் துண்டில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கிக்கொண்டு போனார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

திருவிழா காலை. மைக்கை ஸ்டாண்டில் மாட்டி, டிரம்மின் ஓட்டைக்கு நேராக வைத்துவிட்டு, அண்ணன் ஒயர் இழுக்கப் போனார். அந்த நேரத்தில் வந்தார் எங்கள் கமிட்டித் தலைவர். தோட்டத்தில் ஆட்களை மேய்த்த பழைய மண்டோர். கோயிலுக்குள் புதுச் சாமான் எது வந்தாலும் சுத்தம் பண்ணாமல் விடமாட்டார். புல்வெட்டும் மெஷினுக்கே மாலை போட்டவர்.

"என்ன இது, புதுசா? பொட்டுகூட வைக்காம?"

யாரும் தடுக்கவில்லை. மைக் நனைய நனையப் பன்னீர் தெளித்தார். பிறகு சந்தனத்தைக் குழைத்து, அந்த வலைத்தலை முழுக்க, அம்மனுக்குக் காப்பு சாத்துகிற மாதிரி பக்தியோடு அப்பினார். நடுவில் குங்குமம். எலுமிச்சை வெட்டி இரண்டு பக்கமும் வைத்துக் கும்பிட்டார். நான் ஒலிவாங்கிகளைப் பற்றி ஒன்றும் அறியாதவன். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பால் நிறைந்துவிட்டது. லெட்சுமி மஞ்சள் சேலையில் கோலத்தின் மேல் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். பூசாரி குடத்தை ஏற்றினார். பையன் மிதித்தான்.

"பொஃப்."

மறுபடியும் மிதித்தான். "பொஃப்." ஈரத் துணியை உதறுகிற சத்தம். அண்ணன் சத்தத்தை ஏற்றி இறக்கும் மிக்சர் பெட்டியை விட்டுப் பாய்ந்து வந்தார். வந்து பார்த்தார். சந்தனத்தில் குளித்து, பொட்டு வைத்து, மணவறையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது மைக்.

"அலாமாக்! யாருய்யா இதுக்கு நலங்கு வச்சது?"

"மரியாதையாப் பேசு. சாமி காரியம்" என்றார் தலைவர்.

"சாமி காரியம்தான்யா! அதான் கேக்குறேன்!"

நான் லெட்சுமியைப் பார்த்தேன். மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வழிய ஆரம்பித்திருந்தது. முந்தின வருஷம் நின்ற அதே நிலை. "தாயே, இவளை விட்டுடாதே" என்பதைத் தவிர வாயில் ஒன்றும் வரவில்லை.

அண்ணனும் அவளைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேனுக்கு ஓடினார். திரும்பி வந்தபோது அவர் நெஞ்சோடு அணைத்திருந்தது அந்தச் செத்த ஸ்பீக்கர்.

"மைக்கு கெட்டுப்போச்சுன்னா ஸ்பீக்கரக் கொண்டாறாரு! அண்ணனுக்கு விரதம் தலைக்கேறிடுச்சுடா!" என்று யாரோ சிரித்தார்கள். எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விரதமாவது மண்ணாவது என்று வாயைத் திறந்தேவிட்டேன். "அண்ணே, விளையாடுற நேரமா இது?"

"பேசாம இதப் பிடி."

டிரம்மின் ஓட்டைக்கு முன்னால் அதை நிறுத்தி, மோட்டார் டியூப் ரப்பரால் கட்டினார். எப்போதும் ஸ்பீக்கருக்குள் சத்தத்தைக் கொண்டுபோகிற ஒயரை, இப்போது அதிலிருந்து சத்தத்தை எடுத்து வருகிற மாதிரி, மிக்சரில் மைக் சொருகுகிற ஓட்டையில் சொருகினார். "சத்தம் போட்டாக் காகிதம் ஆடும்ல? காகிதம் ஆடினா சத்தம் வரும். இவ்ளோ பெரிய காது எந்த மைக்குக்குடா இருக்கு? மிதிடா!"

பையன் மிதித்தான்.

தொம்.

எப்படிச் சொல்வது? காதில் எதுவும் கேட்டதாக நினைவில்லை. பந்தல் தகரம் அதிர்ந்தது. என் வேட்டி காலோடு ஒட்டி விலகியது. சொம்பிலிருந்த தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழும்பியது. தொம், தொம். அதன் மேல் உருமி ஏறியது. லெட்சுமியின் குதிகால் தரையை விட்டு எழும்புவதைப் பார்த்தேன். தலையில் பால் தளும்பவில்லை. உடம்பு மட்டும் வேப்பமரம் மாதிரி அசைந்தது. ஒரு குரல் வந்தது. அது என் பெண்டாட்டியின் குரல் இல்லை.

நான் விழுந்து கும்பிட்டேன். கூட்டமே கும்பிட்டது. அருள் வந்தவரிடம் குறை கேட்பது எங்கள் வழக்கம். ஒருவர் மகனுக்கு வேலை கேட்டார், ஒரு அம்மா மகளுக்கு வரன் கேட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டபடி தொம் அண்ணன் வந்தார். என்ன குறையோ பாவம் என்று எல்லாரும் வழி விட்டார்கள்.

"தாயி, தொம் போதுமா?"

தலைவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஆத்தா அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு பிடி திருநீற்றை அள்ளி அவர் நெற்றியிலிருந்து வழுக்கைத் தலை வரைக்கும் இழுத்துவிட்டு, ஆடிக்கொண்டே சொன்னாள்:

"இன்னும் கொஞ்சம் ஏத்துடா."

அந்த மனிதர் மிக்சருக்கு ஓடிய ஓட்டத்தை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்.

அன்று சாயங்காலம் லெட்சுமிக்கு ஒன்றும் நினைவில்லை. "வந்தாளாங்க?" என்று மட்டும் கேட்டாள். வந்தாள் என்றேன். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தொம் அண்ணன்தான் அதற்குப் பிறகு தரையில் நிற்கவில்லை. யாராவது சத்தத்தைக் குறைக்கச் சொன்னால், "ஆத்தா வச்ச அளவு. நீ யார்றா கொறைக்கச் சொல்ல?" என்பார். எத்தனை கல்யாணத்தில் எத்தனை சண்டை!

போன வருஷம் லாரி வேலையை விட்டுவிட்டு, மகளோடு இருக்கச் சிரம்பான் பக்கம் தெமியாங்கிற்குப் போய்விட்டார். அப்பாடா, இனி வீட்டில் நிம்மதியாகப் பூசை செய்யலாம் என்று நான் வெளிப்படையாகவே சந்தோஷப்பட்டேன்.

இந்த வருஷத் திருவிழாவுக்குப் புது ஆள். புது மைக், நல்ல மைக்தான். திருவிழாவுக்கு முதல் நாள் பகலில் மிதித்துப் பார்த்தார்கள். கமிட்டியில் எல்லாரும் நன்றாயிருக்கிறது என்றார்கள். நான் உதட்டைப் பிதுக்கினேன். என் வாயிலிருந்தே வந்துவிட்டது, "தொம் வரலலா."

லெட்சுமி என்னைப் பார்த்தாள். "போன் போடுங்க அவருக்கு."

போட்டேன். டிரம்முக்குப் பக்கத்தில் போனைப் பிடித்து, கேட்டுச் சொல்லுங்கள் அண்ணே என்றேன். அந்தப் பக்கம் ஒரே கத்தல்.

"போன எங்க பிடிச்சிருக்க? ஓட்டப் பக்கம் பிடி! மடையா, போன்ல எங்கடா தொம் வரும்? அதுக்கு இத்தினூண்டு காது! வண்டிய எடுத்துக்கிட்டு வந்து என்னக் கூட்டிட்டுப் போலா!"

இந்த வயதில் மடையன் என்று திட்டு வாங்கிக்கொண்டு, முணுமுணுத்தபடி கார்க் கதவைத் திறந்தேன். பின் சீட்டில் எங்கள் இலவம் பஞ்சுத் தலையணை தயாராக இருந்தது. லெட்சுமி அதற்குப் புது உறை போட்டிருந்தாள்.