லீவு ஃபாரம் திறக்காத காரணம்

பாலிகஞ்ச்,
புதன்கிழமை

செல்வ மகள் நந்திதாவுக்கு அப்பா ராஜ்மோகன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நான் சௌக்கியம். அங்கு கோயம்புத்தூரில் நீயும், மாப்பிள்ளை நரேனும், குழந்தையும், பிரசவம் பார்க்க வந்து என்னை அடியோடு மறந்துவிட்ட உன் அம்மாவும் சௌக்கியமா?

நேற்று போனில், "ஞாயித்துக்கிழமை தொட்டில். நீங்க வரலைன்னா அப்புறம் வரவே வேண்டாம்"னு சொல்லி வைத்துவிட்டாய். நான் வரமாட்டேன் என்றா சொன்னேன்? அலிப்பூர் ஆபீசில் லீவு ஃபாரம் எல்லாருக்கும் பொதுவான ஃபோல்டரில் இருக்கிறது. அதைத் திறக்கச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கம்ப்யூட்டர் பார்க்கும் நம்மூர் கிரிதர் வந்து கேபிளை மாற்றினார், சுவிட்சை மாற்றினார், கடைசியில் என் மேஜையையே ஜன்னல் பக்கம் மாற்றினார். வெயில் அடித்ததுதான் மிச்சம். எனக்குக் கோபம் வந்து, பக்கத்து சீட் தபதி தீதி (இங்கே அக்காவை 'தீதி' என்றுதான் கூப்பிடுவார்கள்) பூஜை போட்டோவெல்லாம் போட்டு அடைத்துவிட்டார் என்று மூன்று பிரதிகளில் புகார் எழுதி, ஸ்கேன் பண்ணி அதே ஃபோல்டரில் வைத்தேன். நல்லவேளை, அதையும் யாராலும் திறக்க முடியவில்லை.

இன்று கிரிதர் கண்டுபிடித்துவிட்டார். அடைத்துக்கொண்டிருப்பது என் பேத்திதான்! நீ அனுப்பிய நூற்றுப் பதினெட்டு வீடியோவையும், என் போனில் இடமில்லையென்று, நான்தான் அங்கே வைத்திருக்கிறேன். ஆபீசே அதை ஒரே நேரத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கொட்டாவி விடுவதை மட்டும் ஐந்து பேர். "அழிச்சிடட்டுமா சார்?" என்றார் கிரிதர். "ஏக்தம் நா! கூடவே கூடாது" என்று கத்தினார் தபதி தீதி. காப்பி எடுக்கலாமென்றால் மூன்று நாளாகும் என்று காட்டுகிறது. நான் இன்னும் நேரில் பார்க்காத குழந்தை, எப்படிம்மா அழிக்கச் சொல்வேன்? எனக்கு மனசு வரலை.

அதனால் லீவும் இல்லை. கண்ணு, நான் இல்லாமலே தொட்டில் போட்டுடுங்க. அவ காதுல பேரைச் சொல்லும்போது எனக்காக ஒரு தடவை மாப்பிள்ளையைச் சொல்லச் சொல்லு. நீ பேசாம இருந்தா எனக்குச் சோறு இறங்காது.

எல்லோரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருக்க வேண்டும்.

அன்புள்ள அப்பா

பி.கு.: ஆபீசில் உட்கார்ந்து இதை எழுதும்போது தபதி தீதி எட்டிப் பார்த்தார். தமிழ் தெரியாது, என் கண்ணைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். ஒரு வெள்ளைத் தாளில் லீவு லெட்டரை அவரே எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கி, பெரிய அதிகாரியிடம் நீட்டினார். அதிகாரி படிக்காமலே சரியென்று கையெழுத்துப் போட்டுவிட்டார். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் இருபது வருஷம் அப்படித்தான் லீவு எடுத்திருக்கிறேன், ஞாபகமே வரவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. சனிக்கிழமை நானே கொண்டுவருகிறேன். முதல்ல குழந்தையை என் கையில கொடு, அப்புறம் திட்டு.