எதிரே பள்ளிக்கூடம், இடமோ சாயர்புரத்தில்

அன்புள்ள மாப்பிள்ளை லிங்கராஜுக்கு,

தூத்துக்குடியிலிருந்து அத்தான் பால்துரை எழுதுவது. உம் அக்கா சண்முகத்தாயும் மகள் முத்துச்செல்வியும் சுகம். நான் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம். சென்னையில் நீர் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பதால் அதில் பாதி உமக்கும் சேரும்.

முத்துச்செல்வி பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தது உமக்குத் தெரியும். பதினொன்றாம் வகுப்புக்கு என் பெயிண்ட் கடைக்கு நேர் எதிரே இருக்கிற பள்ளிக்கூடம்தான் என்று நிம்மதியாக இருந்தேன். பார்த்து இந்த வருஷம்தானா, எந்தப் பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்று கம்ப்யூட்டரே முடிவு செய்யும் என்று ஒரு ஏற்பாடு வரவேண்டும்? ரோட்டைத் தாண்டினால் போதும் என்றிருந்த பிள்ளையைத் தூக்கிச் சாயர்புரம் பக்கம் ஹாஸ்டலோடு உள்ள ஒரு பள்ளியில் போட்டுவிட்டது. விடுவேனா? கல்வி ஆபீசுக்குப் போனேன். அங்கே பானுப்ரியா என்று ஒரு மேடம். "சிஸ்டம் அலாட் பண்ணிட்டுது சார், நாங்க ஒண்ணும் செய்ய முடியாது" என்கிறார். "அந்த சிஸ்டத்த வெளிய வரச் சொல்லுங்க, நான் பேசிக்கிடுதேன்" என்றேன். வரிசையே சிரித்தது. நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை, மாப்பிள்ளை.

எனக்குப் பின்னால் கீழவைப்பார் டிக்சன் நின்றார். கடலுக்குப் போகிறவர், வள்ளத்துக்கு நம் கடையில்தான் பெயிண்ட் வாங்குவார். நம் பக்கம் பேசுவார் என்று திரும்பினால், "அண்ணாச்சி, ஒங்க எதித்தாப்ல உள்ள பள்ளிக்கூடம் எம் மவளுக்குக் கெடச்சிருக்கு. மூத்தவளுக்குக் கேட்டப்ப யார் சிபாரிசுன்னு கேட்டு கேட்லயே நிறுத்திட்டாங்க. இந்த மிசினு எங்க மூஞ்சியப் பாக்கல, மார்க்கத்தான் பாத்துது" என்கிறார். நம் பிள்ளையைவிட அந்தப் பிள்ளைக்கு மார்க் கூடுதலாம். கண் கலங்கி நிற்கிற ஆளிடம் எப்படிச் சண்டை போட? அந்தக் கோபத்தையும் சேர்த்து மேடத்திடமே காட்டினேன். ஆபீஸ் பூட்டுகிறவரை பெஞ்சை விட்டு எழும்பவில்லை.

ஆகையால் நீர் உடனே பெரிய ஆள் யாரையாவது பிடித்து, அந்தக் கம்ப்யூட்டர் காதில் நமக்காக ஒரு வார்த்தை போட்டு வைக்கவும். திருச்செந்தூர் முருகன் உம்மையும் பிள்ளைகளையும் காக்கட்டும். உம் தொழிலைக் காப்பானா என்பது அவன் இஷ்டம்.

இப்படிக்கு,
கொதிப்பு அடங்காத அத்தான்,
பால்துரை

பி.கு.: உறையை ஒட்டும்போது மேடமே போன் செய்தார். எதிர்ப் பள்ளியில் ஓர் இடம் காலியாம், நாளைக்கே சேர்க்கலாமாம். ஜெயித்துவிட்டேன் என்று கத்தினேன். முத்துச்செல்வி அழ ஆரம்பித்துவிட்டாள். "எனக்கு சாயர்புரந்தான் வேணும்ப்பா. இங்கன படிச்சா நாள் பூரா கடை வாசல்ல நின்னு என்னையே பாத்துக்கிட்டு இருப்பீங்க." உம் அக்கா, "பாக்கத்தான் செய்வாவ" என்று சொல்லி, ஹாஸ்டலுக்கென்று பரணிலிருந்து பெட்டியை இறக்கி வைத்துவிட்டாள். சிஸ்டம் சொன்னபடியே இருக்கட்டும் என்று மேடத்திடம் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தது போனில் நன்றாகவே கேட்டது. எனவே நீர் யாரையும் பிடிக்க வேண்டாம். அந்த ஹாஸ்டலுக்கு எதிரே கடை ஏதும் வாடகைக்கு வருகிறதா என்று மட்டும் உம் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்லும்.